துதிக்கை சுருண்டது, நடுக்கோடு சுருளவில்லை

போன வருடம் குழந்தைகளுக்கான ஒரு கதைத் தளத்துக்காக யானை ஒன்றை அசைய வைத்தேன். துதிக்கையை நீட்டி, வாழைப்பழத்தைச் சுருட்டி எடுத்து, வாயில் போட வேண்டும். படம் இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்த சுத்தமான வெக்டர், அதாவது புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆனது. அசைவு செய்யும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் துதிக்கை நெடுக ஐந்து பப்பெட் பின் (பிடித்து இழுத்தால் படத்தை வளைக்கும் ஊசி) குத்தினேன். இழுத்த பக்கமெல்லாம் அழகாக வளைந்தது. பாடிமூவின் என்ற செருகுநிரல் வழியாக, இணையத்தில் அசைவு காட்டப் பயன்படும் லாட்டி கோப்பாக்கி பிரௌசரில் திறந்தால், பழம் மட்டும் தனியாகப் பறந்து வாய்க்குப் போகிறது. துதிக்கை விறைத்து நிற்கிறது.

அரை நாள் என் கோடிங்கில் தப்பைத் தேடினேன். தப்பு அங்கே இல்லை. லாட்டி வீடியோ அல்ல. எந்த வடிவம், அதன் புள்ளிகள் எங்கே, எந்த நேரத்தில் எங்கே நகர்கின்றன என்று ஜேசான் என்ற உரை வடிவில் எழுதிய குறிப்பு அது. பிரௌசர் அதைப் படித்து ஒவ்வொரு ஃபிரேமையும் தானே வரைகிறது. பப்பெட் பின்னின் வளைப்பு ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் மட்டும் நடக்கும் கணக்கு. அந்தக் குறிப்பில் அது ஏறுவதில்லை.

ஃபிரேம் ஃபிரேமாக பிஎன்ஜி எடுத்து உள்ளே வைத்தும் பார்த்தேன். கோப்பு ஊதிப்போனது, பெரிதாக்கினால் ஓரமெல்லாம் மங்கியது.

அப்புறம்தான் துதிக்கையின் பாத்துக்கே, அதாவது அதன் வெளிக்கோட்டுக்கே, கீஃப்ரேம் (இந்த நேரத்தில் இந்த வடிவம் என்ற குறி) போட்டுக் கையால் வளைக்க உட்கார்ந்தேன். பழைய வடிவத்தில் நாற்பதுக்கு மேல் ஆங்கர் புள்ளிகள் இருந்தன. அத்தனையையும் கையால் நகர்த்தி மாளாது. பத்தே புள்ளிகளில் திரும்ப வரைந்தேன். துதிக்கை சுருண்டது. ஆனால் அதன் நடுவில் மேலிருந்து கீழே ஓடும் வெள்ளை அலங்காரக் கோடு குச்சி மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நின்றது!

எனக்கு உண்மையில் கண் திறந்த இடம் இதுதான். படத்தை மொத்தமாக நகர்த்தினாலும் சுழற்றினாலும் நீட்டினாலும் சாய்த்தாலும், பெசியர் கோட்டின் (வெக்டரில் வரையும் வளைகோடு) புள்ளிகளையும், வளைவைத் தீர்மானிக்கும் கைப்பிடிகளையும் மாற்றினால் போதும், கோடு பிசகாமல் கூடவே வந்துவிடும். வளைக்கும்போது அப்படி இல்லை. நாம் வளைப்பது புள்ளிகளைத்தான்; இரண்டு புள்ளிகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று கோட்டுக்குத் தெரியாது. என் வெள்ளைக் கோட்டுக்கு இரண்டு முனைகள் மட்டுமே, கைப்பிடியும் கிடையாது. முனைகளை எங்கே கொண்டுபோனாலும் அது நேர்கோடுதான். நடுவில் மூன்று புள்ளிகள் சேர்த்து, கைப்பிடிகளைத் துதிக்கையின் போக்குக்கு இழுத்துவிட்ட பிறகுதான் கோடு உடம்போடு ஒட்டியது.

இப்போதெல்லாம் எது வளையப்போகிறது என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் வரையத் தொடங்குகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

பதில்:
நான் வளைப்பதையே விட்டுவிட்டேன் அண்ணா. ஒரு கொக்கின் கழுத்தை ஏழு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முனையையும் வட்டமாக்கி, ஒன்று திரும்பினால் அடுத்ததும் கூடவே வரும்படி ஒன்றை இன்னொன்றோடு பேரன்ட் செய்து, சுழற்சி மட்டும் கொடுத்தேன். நீங்கள் சொன்ன மாதிரி, சுழற்றும்போது எந்தக் கோடும் கெடாது. லாட்டிக்குப் பெயர் தந்த லொட்டே ரைனிகர் 1926-இல் வெளியிட்ட முழுநீள நிழலுருவப் படத்துக்கு அட்டையையும் ஈயத் தகட்டையும் வெட்டி, மூட்டுக்கு மூட்டு கம்பியால் கோத்துத்தான் பொம்மைகள் செய்தார். அவருடைய பொம்மைகள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துப் பார்த்துத்தான் கொக்கின் கழுத்தை எங்கெங்கே வெட்டுவது என்று முடிவு செய்தேன். கோடு போட்ட உடம்புக்கு இது சரிவராது, மூட்டில் கோடு உடைந்து தெரியும். ஒரே நிறமாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

பதில்:
எனக்கு எழுத்தில் நடந்தது. ‘மழை’ என்ற தலைப்பு நீரில் தெரிவது போல் நெளிய வேண்டும். எழுத்தை அவுட்லைன் ஆக்கி, நேரான ‘ழ’ ஒன்று, நெளிந்த ‘ழ’ ஒன்று என இரண்டு எஸ்விஜி (இணையத்துக்கான வெக்டர் கோப்பு) செய்தேன். இரண்டிலும் புள்ளிகள் சமம். ஆனால் தளத்தில் ஏற்றியதும் நெளிவே இல்லை, பாதி நேரத்தில் ஒரே தாவல். காரணம், கோப்பின் அளவைக் குறைக்க எஸ்விஜிஓ என்ற சுருக்கும் கருவியில் போட்டிருந்தேன். அது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்கியதில், வடிவத்தை வரையச் சொல்லும் கட்டளைகளில், ஒன்றில் வளைவாக இருந்த கட்டளை இன்னொன்றில் நேர்கோடாகிவிட்டது. கட்டளைகள் எண்ணிக்கையிலும் வகையிலும் வரிசையாகப் பொருந்தாவிட்டால் பிரௌசரால் இடைநிலைகளைக் கணக்கிட முடியாது. இப்போது அசையும் வடிவங்களுக்கு மட்டும் பாத் சுருக்கத்தை நிறுத்திவிடுகிறேன்.

ஜிசாப் என்ற அசைவு நிரலகத்தில் ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் மார்ஃப்எஸ்விஜி 2025-இலிருந்து எல்லோருக்கும் இலவசம். குறைகிற புள்ளிகளை அதுவே சேர்த்துக்கொள்ளும். ஆனால் முதல் முறை ‘ழ’வின் வால் உள்பக்கமாக முறுக்கிக்கொண்டது, எந்தப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும் என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஒன்று மறக்காதீர்கள்: அவுட்லைன் ஆனதும் அது எழுத்து இல்லை, வெறும் வடிவம். பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பானுக்கு அங்கே ‘மழை’ கிடையாது. ஏரியா லேபிளில் (aria-label, திரைவாசிப்பான் படிக்கும் பெயர்) அந்தச் சொல்லைத் தமிழிலேயே எழுதி வையுங்கள்.