வேற்றுக்கிரகவாசிகளுக்கு நம் பூமி தென்படுமா?

முதுநகர்க்காரன் (கடலூர்):
சிறு வயதில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பா டிரான்சிஸ்டரை மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்று, முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி இலங்கை வானொலியைப் பிடிப்பார். கடல் தாண்டி எங்கள் மாடிக்கு வந்த அந்தப் பாட்டு விண்வெளிக்கும் போயிருக்கும் அல்லவா? அதைக் கேட்டு எவரேனும் பூமியைத் தேடி வருவதற்கு இயற்பியல் இடம் கொடுக்குமா?

அலைவரிசை:
அந்தப் பாட்டு போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஐயா. இலங்கையின் மத்திய அலை இரவில் கடலூர் வரை தெளிவாகக் கேட்டதற்கு ஒரு முக்கியக் காரணமே, மேலே போன அலையை, வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலம் தரைக்குத் திருப்பி அனுப்பியதுதான். அதைத் துளைத்து வெளியேறுபவை பண்பலை, தொலைக்காட்சி, ரேடார் ஆகியவற்றின் உயர் அதிர்வெண் அலைகள். அவையும் தொலைவு இரு மடங்கானால் நான்கில் ஒரு பங்காக மெலியும். மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியே 4.24 ஒளியாண்டு, அதாவது ஏறத்தாழ 40 லட்சம் கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், சாதாரண ஒலிபரப்பு அங்கு சேரும்போது விண்வெளியின் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். 1974-இல் அரேசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கொத்துக்கு அனுப்பியதுபோலக் குறிவைத்து அனுப்புவது வேறு கணக்கு. அது போய்ச் சேரவே சுமார் 25,000 ஆண்டுகள் ஆகும்.

புதுவை வாசகி:
வருகையில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் போகிறது; அதே வேகத்தில் பிராக்சிமாவின் தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டினால் 42 ஆண்டுகளில் வந்துவிடலாமே என்பார்கள். அந்த வேகத்துக்கு ஒரே ஒரு கிலோவை முடுக்கத் தேவையான ஆற்றலை மின்கட்டண ரசீதின் கணக்கில் சொன்னால் சுமார் 12.5 கோடி யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் 50,000 வீடுகளுக்கு அது ஓராண்டு தாங்கும்! வந்து நிற்பதற்கான செலவு தனி.

முதுநகர்க்காரன்:
அப்படியானால் நாம் இருப்பதே எவருக்கும் தெரியாதா, அம்மா?

அலைவரிசை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாம் இருப்பது தெரியாமல் போகலாம். இங்கு உயிர் இருப்பது தெரியக்கூடும். நம் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கிச் சுமார் 240 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆக்சிஜனுடன் கலந்தால் மீத்தேன் நாளடைவில் அழிந்துவிடும். இரண்டும் சேர்ந்தே காணப்பட்டால் ஏதோ ஒன்று அவற்றை ஓயாமல் உண்டாக்குகிறது என்று பொருள். 1990-இல் பூமியைக் கடந்த கலிலியோ விண்கலம் இவ்விரண்டையும் நிறமாலையில் (ஒளியை நிறவாரியாகப் பிரித்துப் பார்ப்பதில்) பதிவு செய்தது. நம் சுற்றுப்பாதைத் தளத்துக்கு நேராக வசிப்பவர்கள், பூமி ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுமார் 13 மணி நேரம் குறுக்கே கடப்பதையும், அப்போது சூரிய ஒளி 0.0084 சதவீதம் மங்குவதையும் அளந்துவிட முடியும். அவர்கள் 1,000 ஒளியாண்டு தொலைவில் இருந்தால் இன்று அவர்களுக்குத் தெரிவது ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்குப் போன காலத்துப் பூமி. அதில் வானொலி இருக்காது, ஆக்சிஜன் இருக்கும்.