வானொலி விருதுக்கு எதைக் கேட்பது: அனுப்பி வைத்த ஒலிப்பதிவையா, அன்றாட ஒலிபரப்பையா?

காதோரம்:
ஆகாசவாணி ஆண்டு விருதுகளை 1974-இல் தொடங்கினார்கள். நாடகம், விவரணம் (உண்மை வாழ்க்கையைப் பதிவு செய்யும் ஒலிச்சித்திரம்), இசை, புதுமை நிகழ்ச்சி என்று பிரிவுகள். 1990-இல் ஸ்ரீநகரில் சுட்டுக் கொல்லப்பட்ட தூர்தர்ஷன் நிலைய இயக்குநர் லஸ்ஸா கௌல் பெயரில் தேசிய ஒருமைப்பாட்டுக்கும் ஒரு விருது உண்டு. மதிப்பான விருதுகள்தாம். ஆனால் நிலையம் தானே பொறுக்கி அனுப்பும் ஒரே ஒரு நிகழ்ச்சியைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வானொலி தினமும் கூடவே வருவது. திங்களன்றும் நன்றாக இருக்க வேண்டும், வியாழனன்றும் நன்றாக இருக்க வேண்டும். 1960-களில் திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 நெல்லைப் போட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் விழுந்தது. நாள் தவறாமல் பேசியதால் வந்த நம்பிக்கை அது. நடுவர்களே ஒரு தேதியைக் குறித்து, அன்றைய ஒலிபரப்பு முழுவதையும் வாங்கிக் கேட்கட்டும்.

உப்புக்காற்று:
மறுக்கிறேன். வானொலியில் நிகழ்ச்சி தயாரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாடகமும் விவரணமும் இன்னும் மூச்சு விடுவதே இந்த விருதுகளால்தான். அரை மணி நேர விவரணத்துக்கு வாரக்கணக்கில் அலைய வேண்டும். விளம்பரதாரர் அதற்குப் பணம் தரமாட்டார். "போட்டிக்கு அனுப்பலாம்" என்றால்தான் வண்டியும் ஒலிப்பதிவுக் கருவியும் கிடைக்கும்.

அப்படி ஒரு விவரணத்துக்காகத் தூத்துக்குடி உப்பளத்துக்கு விடியுமுன் போனேன். வெயில் ஏறினால் கண் கூசும் என்று பெண்கள் இருட்டிலேயே இறங்கிவிடுவார்கள். பலகை உப்பை வாரும்போது முதலில் தண்ணீர்ச் சத்தம் வரும், அப்புறம் கரகரப்பு, கடைசியில் குவியலில் விழும் மெல்லிய சரிவு. ஒரு பாட்டி பேச்சை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். அதை வெட்டாமல் விட்டேன். இப்படி ஒன்றை அன்றாட ஒலிபரப்பில் தேடினால் கிடைக்காது, காதோரம். வருடத்துக்கு ஒன்றுதான் வரும். அந்த ஒன்றைத்தான் விருது பார்க்க வேண்டும்.

எனக்கிருக்கும் வருத்தம் வேறு. அந்த விவரணம் போன போட்டியில், தமிழ் தெரியாத நடுவர்கள் கையில் மொழிபெயர்ப்புத் தாள் இருந்தது. பாட்டியின் மூச்சு அதில் 'இடைவெளி' என்று ஒரே சொல்லாகிவிட்டது.

பண்பலைக்காரன்:
தனியார் பண்பலையிலிருந்து ஒரு வார்த்தை. சொந்தமாகச் செய்தி தர எங்களுக்கு அனுமதியில்லை. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். பாட்டும் எல்லா நிலையத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஒரு முழு நாளைக் கேட்டால் எங்களுக்குள் வித்தியாசமே தெரியாது. பாட்டுக்கு நடுவே தொகுப்பாளர் பேசும் அந்த நாற்பது வினாடிதான் எங்கள் சொத்து. அதை மட்டும் சேர்த்துக் கேட்கட்டும்.

நேயர் எண்ணிக்கையை வைத்து விருது கொடுங்கள் என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அதை நம்பாதீர்கள். ரேம் என்ற நேயர் கணக்கெடுப்பு மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய நான்கு ஊர்களில்தான் நடந்தது. சென்னையே அதில் இல்லை.

தொண்ணூறு புள்ளி நான்கு:
சமுதாய வானொலியை, அதாவது கல்லூரியோ தொண்டு நிறுவனமோ சுற்றுவட்டார மக்களுக்காக நடத்தும் சின்ன நிலையங்களை, எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா பண்பலை தொடங்கியதிலிருந்து நாங்களும் இந்தத் துறைதான். மத்திய அரசின் தேசிய சமுதாய வானொலி விருதுகளில் முதல் பரிசு 1 லட்சம், இரண்டாவது 75,000, மூன்றாவது 50,000 ரூபாய். நூறு வாட் ஒலிபரப்பியை வைத்துக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்குள் பேசும் நிலையத்துக்கு அது பெரிய தொகை.

காதோரம், நீங்கள் குறிக்கும் தேதியில் எங்கள் ஊரில் மின்சாரம் போயிருந்தால்? இருக்கும் இரண்டு தன்னார்வலர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால்? ஒரே நாளை வைத்து எடைபோட்டால் அடிபடுவது சின்ன நிலையங்கள்தான். அதே சமயம் உங்கள் பேச்சில் நியாயமும் இருக்கிறது. இந்த விருதுகளில் நிலையம் தன் காலில் எப்படி நிற்கிறது என்று பார்க்க ஒரு தனிப் பிரிவே உண்டு. ஒரு நிகழ்ச்சியைக் கேட்டு அதை முடிவு செய்ய முடியாது. நீங்கள் கேட்பது புதிதல்ல, அதை விரிக்கச் சொல்லுங்கள்.

காதோரம்:
சரி, ஒரு நாள் என்றது தவறு. மூன்று தேதிகள், வெவ்வேறு மாதங்களில். நாடகத்துக்கும் விவரணத்துக்கும் பழைய முறையே இருக்கட்டும், உப்புக்காற்று அண்ணனின் பாட்டி என்னை அசைத்துவிட்டார். ஆனால் தொகுப்பாளர், வேளாண் நிகழ்ச்சி, நேயர் தொடர்பு ஆகிய பிரிவுகளுக்கு நான் கேட்டதை விடமாட்டேன்.

உப்புக்காற்று:
அந்தந்த மொழி தெரிந்தவர் காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்பார் என்றால் யோசிக்கலாம். இல்லையென்றால் மூன்று நாள் ஒலிபரப்புக்கும் மொழிபெயர்ப்புத் தாள்தான் வந்து நிற்கும். முழு நாள் என்பதை இன்னும் நான் ஏற்கவில்லை, தம்பி.

தொண்ணூறு புள்ளி நான்கு:
மூன்று தேதி என்றால் அதில் ஒன்று புயல் எச்சரிக்கை நாளாக இருக்கட்டும். 2018 நவம்பர் 16, கஜா வேதாரண்யம் அருகே கரை கடந்த அன்று, என் அத்தை ஊரில் மின்சாரமும் இல்லை, கைபேசியும் இல்லை. நனைந்த அடுப்படியில் முறத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பேட்டரி ரேடியோவை வைத்து, நான்கு வீட்டுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அன்று யார் என்ன பேசினார்கள் என்று நடுவர்கள் கேட்கட்டும்.