3215031751 போல இன்னும் சின்ன எண் ஒன்று வேண்டும்

வணக்கம் மக்களே. அல்சூரில் ஞாயிறு வகுப்புக்கு வரும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, மில்லர்-ராபின் சோதனை (ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கும் சோதனை) எங்கே ஏமாறும் என்று காட்ட ஓர் எண் தேவை.

இப்போதைக்குக் கையில் இருப்பது 3215031751. அடிமானம் (சோதனைக்கு நாம் தேர்ந்தெடுக்கும் எண்) 2, 3, 5, 7 எதை வைத்தாலும் பகா எண் போலவே தேறிவிடும். 11 வைத்தால்தான் மாட்டும். உண்மையில் இது 151 × 751 × 28351. மூன்றையும் 4ஆல் வகுத்தால் மீதி 3. ஒவ்வொன்றிலும் 1 குறைத்து, அதால் 3215031750ஐ வகுத்தால் மீதியின்றி ஒற்றைப்படை ஈவு வரும். சூட்சுமமே இதுதான்: ஓர் அடிமானம் மூன்றுக்கும் வர்க்க மீதியாக (ஏதாவது ஒரு வர்க்க எண்ணை அந்தக் காரணியால் வகுத்தால் வரும் மீதியாக) இருந்தாலும் தேறும், மூன்றுக்கும் இல்லாவிட்டாலும் தேறும். 2, 5 முதல் வகை. 3, 7 இரண்டாம் வகை. 11 மட்டும் 151க்கு வர்க்க மீதி, மற்ற இரண்டுக்கும் இல்லை. அங்கேதான் குட்டு உடைகிறது.

நிரல் எழுதிப் பார்ப்பவர்கள் கவனிக்கவும்: 3215031751இன் வர்க்கம் சுமார் 1.03 × 10^19. குறியுள்ள 64 பிட்டில் அடங்காது, பெருக்கும்போதே விடை கெட்டுவிடும். குறியில்லாத 64 பிட் போதும்.

கையால் போட 10 இலக்கம் அதிகம். 8911 = 7 × 19 × 67 இதே அமைப்புதான், ஆனால் 2இலேயே மாட்டிக்கொள்கிறது. 1373653 வேண்டாம், அதற்கு இரண்டே காரணி (829 × 1657). மூன்று காரணியோடு, 2, 3 இரண்டிலும் தேறும் சின்ன எண் தெரிந்தவர்கள் காரணிகளையும் சேர்த்துப் போடுங்கள்.