ஆங்கிலேயர்கள் எழுதிய தன்வரலாறுகள்: எதிலிருந்து தொடங்கலாம்?

தேன்சிட்டு கேட்டது:

வணக்கம் நண்பர்களே. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' படித்ததிலிருந்து யாருடைய தன்வரலாறு கிடைத்தாலும் விடுவதில்லை. இப்போது இங்கிலாந்துப் பக்கம் போகலாம் என்று ஆசை. ஆனால் தேடினால் வந்து விழுவதெல்லாம் பிரதமர்கள், படைத்தளபதிகள், விளையாட்டு வீரர்கள், அரச குடும்பத்தார்.

எனக்கு வேண்டியது வேறு. அந்த மனிதர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன சம்பளம் வாங்கினார், பள்ளியில் எப்படி நடத்தப்பட்டார், வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தபோது மற்றவர்கள் என்ன செய்தார்கள், இதெல்லாம் இருக்க வேண்டும். ஆங்கிலம் படிப்பேன், ஆனால் மெதுவாகத்தான். நடை ரொம்பப் பழையதாக இருந்தால் பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடாது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. தன்னைப் பற்றித் தானே எழுதுவதை எந்த அளவுக்கு நம்புவது?

காகிதக்கப்பல்:

டார்வின். யோசிக்கவே வேண்டாம்.

சின்னப் புத்தகம். 1876-ல், 67 வயதில், தன் பிள்ளைகளுக்காக எழுதியது. பெரும்பாலான நாட்களில் பிற்பகல் ஒரு மணி நேரம் போல உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதால் நடை எளிமையாக இருக்கும். 'வேட்டை, நாய், எலி பிடிப்பது, இதைத் தவிர உனக்கு எதிலும் அக்கறை கிடையாது, குடும்பத்துக்கே அவமானமாகப் போகிறாய்' என்று அப்பா திட்டியதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் பழைய மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அரிய வண்டுகள் சிக்கின, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மூன்றாவதாக ஒரு புது வகை. விட மனமில்லாமல் வலது கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டார். அது எரிகிற திரவத்தைப் பீய்ச்ச, நாக்கு வெந்து, துப்பியதில் அதுவும் போனது, மூன்றாவதும் போனது.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. முப்பது வயது வரை கவிதையில் திளைத்தவர், முதுமையில் ஒரு வரி கவிதையைக்கூடத் தாங்க முடியவில்லை என்கிறார். இன்னொரு முறை வாழக் கிடைத்தால் வாரம் ஒரு தடவையாவது கொஞ்சம் கவிதை படிப்பேன், கொஞ்சம் இசை கேட்பேன் என்று எழுதுகிறார்.

ஒன்றைக் கவனியுங்கள். 1887-ல் மகன் பிரான்சிஸ் வெளியிட்டபோது, டார்வினின் மனைவி எம்மாவின் மனம் நோகக்கூடாது என்று மதம் பற்றிய பகுதிகளை வெட்டிவிட்டார்கள். பேத்தி நோரா பார்லோ 1958-ல்தான் முழுவதையும் கொண்டுவந்தார். அந்தப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

தபால்பெட்டி:

தேன்சிட்டு தம்பி, எழுந்த நேரமும் சம்பளமும் கேட்டீர்களே, அதற்கென்றே பிறந்தவர் ஆந்தனி டிரோலப். நாவலாசிரியர் என்றுதான் உலகத்துக்குத் தெரியும். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் தபால் துறையில் வேலை பார்த்தவர். நானும் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1834-ல், 19 வயதில், லண்டன் தலைமை அஞ்சலகத்தில் எழுத்தராகச் சேர்கிறார். வருடச் சம்பளம் 90 பவுண்டு. அது போதாமல் கடனில் விழுகிறார். தையற்காரருக்குக் கொடுத்த சுமார் 12 பவுண்டு கடன் சீட்டு ஒரு வட்டிக்காரர் கைக்குப் போகிறது, அவரிடமே கையில் 4 பவுண்டும் வாங்குகிறார். கடைசியில் கட்டியது 200 பவுண்டுக்கு மேல். அந்த வட்டிக்காரர் தினமும் அலுவலகத்துக்கே வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று, 'நீங்கள் நேரம் தவறாமல் கட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்' என்று காதில் சொல்வாராம். கூட வேலை செய்பவர்கள் பார்க்க, தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் அந்த இளைஞனின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அதில் அழுகையும் கிடையாது, சமாதானமும் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறார்.

பள்ளிக்கூடம் இதைவிடக் கொடுமை. பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஹாரோவில் இவர் தினமும் வீட்டிலிருந்து சேற்றுப் பாதையில் நடந்து வந்து போகிற ஏழைப் பையன். தலைமையாசிரியர் தெருவில் நிறுத்தி, இப்படி அழுக்கான ஒரு பையனாலா ஹாரோ பள்ளிக்குக் கேவலம் வரவேண்டும் என்று கேட்கிறார்.

அப்புறம் அம்மா. சாகக் கிடக்கிற வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்பா கடன்காரர்களுக்குப் பயந்து நாட்டைவிட்டே ஓடி, குடும்பம் பெல்ஜியத்தில் புரூஜ் நகரில் ஒதுங்கியிருக்கிறது. மகன் ஒருவரும் கணவரும் நோயில் கிடக்கிறார்கள். பிரான்சஸ் டிரோலப் இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்துகொண்டே நாவல் எழுதிச் சோறு போடுகிறார். அவருடைய அறைகளில் மருந்துப் புட்டிகளுக்கும் மைப்புட்டிக்கும் சம இடம் இருந்தது என்று மகன் எழுதுகிறார். அந்த அம்மாள் முதல் புத்தகம் எழுதியபோது வயது ஐம்பது. சாகும்போது 114 தொகுதிகள் எழுதி முடித்திருந்தார். அந்த அத்தியாயத்தை மட்டும் தனியாக எடுத்து எத்தனையோ பேருக்குப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நாவல் எழுதிய முறையையும் ஒளிக்காமல் சொல்கிறார். காலை ஐந்தரைக்கு மேசையில் இருக்க வேண்டும். எழுப்பிக் காபி கொடுப்பதற்காகவே பழைய குதிரைக்காரருக்கு வருடம் 5 பவுண்டு கூடுதல் சம்பளம். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல். ரயிலில் போகும்போது பென்சிலால் எழுதுவார், மனைவி பிரதி எடுப்பார். கடைசியில், எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு வந்தது என்று பட்டியலே போட்டு, மொத்தம் 68,939 பவுண்டு 17 ஷில்லிங் 5 பென்ஸ் என்று கூட்டிக் காட்டிவிட்டார். அவர் இறந்தபின் 1883-ல் புத்தகம் வந்ததும், கலையைக் கூலி வேலையாக்கிவிட்டார் என்று முகம் சுளித்தவர்கள் பலர். எனக்கு அந்தக் கணக்குதான் புத்தகத்திலேயே நேர்மையான இடம். எழுத்தாளர்கள் எழுதிய தன்வரலாறுகளில் வருமானத்தைப் பைசா வரை சொன்னவர்கள் எத்தனை பேர்?

தபால் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். 1851 முதல் மேற்கு இங்கிலாந்தில் குதிரையேறி ஊர் ஊராகப் போய், தபால்காரர் நடக்கவேண்டிய வழிகளை வகுத்தார். சிவப்புக் கோட்டும் பூட்சுமாகப் பண்ணை வீட்டு வாசலில் போய் நின்று, கடிதம் எத்தனை மணிக்கு வருகிறது, கையில் காசு ஏதும் கேட்கிறார்களா என்று விசாரிப்பார். கிராமத்தில் கடிதத்துக்கு ஒரு பென்னி கூடுதலாக வாங்கும் வழக்கம் அப்போது இருந்தது. நாடு முழுவதும் கிராமத் தபால்காரர்களை நிறைத்துவிட வேண்டும் என்பதே அந்த நாட்களில் என் வாழ்க்கை லட்சியம் என்கிறார். இந்த வேலை தெரிந்தவனுக்கு அந்த வரி என்ன செய்யும் என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது ஜோசப் ஆர்ச். 1826-ல் வார்விக்‌ஷயரின் பார்ஃபோர்டு கிராமத்தில் பிறந்த பண்ணைக் கூலி. ஒன்பது வயதில் வயலில் காக்கை விரட்டும் வேலை: நாளுக்கு 12 மணி நேரம், கூலி 4 பென்ஸ். சிறுவனாக இருந்தபோது தேவாலயக் கதவின் சாவித் துவாரம் வழியாக உள்ளே பார்க்கிறார். நற்கருணை வாங்க முதலில் பெரிய நிலக்கிழார் போகிறார், அப்புறம் பண்ணைக்காரர்கள், அப்புறம் கடைக்காரர்கள், எல்லாரும் முடிந்தபின் கடைசியில்தான் கூலி வேலை செய்கிறவர்கள். அந்தக் கடைசி வரிசையில் அவருடைய அப்பா. இது எனக்கு ஒருக்காலும் வேண்டாம் என்று அந்தப் பையன் அன்றைக்கு எடுத்த முடிவு வாழ்நாள் முழுக்க நின்றது. 1872 பிப்ரவரியில் வெல்ஸ்போர்னில் ஒரு மரத்தடியில், பன்றி அறுக்கும் முக்காலிமேல் ஏறி நின்று பேசினார், பண்ணைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1885-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். தன் கதையை 1898-ல் வெளியிட்டார். டிரோலப் குதிரைமேல் போன அதே கிராமத்து இங்கிலாந்தைத் தரையில் நின்று பார்க்க ஆர்ச்தான் வேண்டும்.

தேன்சிட்டு:

தபால்பெட்டி ஐயா, மனம் நிறைந்த நன்றி. அம்மா பற்றிய அத்தியாயத்தை இன்றே தேடுகிறேன். நம்பகம் பற்றிய என் இரண்டாவது கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும். பெண்கள் எழுதியவையும் வேண்டும்.

வெண்தாழை:

இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

எழுதியதைவிட எழுதாமல் விட்டதை முதலில் பார்ப்பது என் வழக்கம். துப்பறியும் கதைகள் எழுதிய அகதா கிறிஸ்டி 1950-ல் இராக்கில், நிம்ருத் அகழாய்வு முகாமில் தன் கதையைத் தொடங்கி 1965-ல் முடித்தார். டார்க்கியில் கழிந்த குழந்தைப் பருவத்தை அவ்வளவு அன்பாக எழுதுகிறார். ஆனால் 1926 டிசம்பரில் 11 நாள் காணாமல் போனாரே, நாடே தேடியதே, அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் மூன்று வயதில் கிரேக்கம் கற்றதையும் அப்பாவின் கண்டிப்பையும் பக்கம் பக்கமாக எழுதினார். அச்சான நூலில் அம்மா என்ற ஒருத்தி இருந்ததற்கே அடையாளம் இல்லை. சாப்ளின், பிள்ளைகள் மனம் நோகும் என்று காரணம் சொல்லி, இரண்டாவது மனைவியைப் பற்றி விவரிக்க மறுத்துவிட்டார். இதையெல்லாம் நான் பொய் என்று சொல்லமாட்டேன். அவர்களுக்கு எங்கே வலித்தது என்பது அந்த இடைவெளியில்தான் தெரிகிறது. மில்லின் இருபதாம் வயது மனச்சோர்வைப் படிக்கும்போது, அந்த வீட்டில் இல்லாமல் போன அம்மாவைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

ஆதாரத்தோடு வேண்டுமென்றால் வேரா பிரிட்டனின் 'டெஸ்டமெண்ட் ஆஃப் யூத்', 1933. முதலில் நாவலாக எழுதிப் பார்த்து, சரிவராமல், நடந்ததை நடந்ததாகவே எழுதினார். கையில் அன்றைய நாட்குறிப்புகளும் கடிதங்களும் இருந்தன. அந்தக் கடிதங்கள் பிற்பாடு தனி நூலாகவே வந்துவிட்டதால் நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கப் போராடி இடம் வாங்கியவர், முதல் உலகப்போர் வந்ததும் படிப்பை விட்டு செவிலியர் வேலைக்குப் போகிறார். 1915 கிறிஸ்துமஸுக்கு போர்முனையிலிருந்து விடுப்பில் வரும் காதலர் ரோலண்டுக்காகக் காத்திருக்கிறார். தொலைபேசி அழைக்கிறது, வந்துவிட்டார் என்று ஓடி எடுக்கிறார். ரோலண்ட் 23-ஆம் தேதியே காயத்தில் இறந்திருந்தார். அடுத்து இரண்டு நண்பர்கள். 1918 ஜூனில் இத்தாலியில் தம்பி எட்வர்டு. இடையில் பிரான்சில், எத்தாப்பிள் முகாமில், காயப்பட்ட ஜெர்மன் கைதிகளுக்குப் பணிவிடை செய்கிறார். தன் ஆட்களைக் கொன்ற படையைச் சேர்ந்தவர்களின் காயத்தைக் கழுவிக் கட்டுகிற பெண்ணின் மனம் எப்படி இருக்கும் என்பதை வேறு யார் எழுதியும் நான் இப்படிப் படித்ததில்லை. பெரிய புத்தகம். பொறுமை வேண்டும், ஆனால் நடை இருபதாம் நூற்றாண்டு நடைதான்.

மெதுவாகப் படிப்பவர் என்றதால் இன்னொன்று: மார்கரெட் பவல், 'பிலோ ஸ்டேர்ஸ்', 1968. ஹோவ் நகரில் 1907-ல் பிறந்து 15 வயதில் பெரிய வீட்டுச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தவர். சப்பாத்துக் கயிறுகளைக்கூட இஸ்திரி போட வேண்டும். ஒரு நாள் செய்தித்தாளைக் கையில் நேராக நீட்டியதற்கு, வெள்ளித் தட்டில் வைக்காமல் வெறுங்கையால் எதையும் என்னிடம் தரவே கூடாது என்று எஜமானியம்மாள் சொல்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்தேன். பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறார், நிச்சயம் ஓடும்.

காகிதக்கப்பல்:

பெண்கள் என்றதும் மார்ஜரி கெம்ப் ஞாபகம் வந்தார். நார்ஃபோக்கின் லின் நகரம், பதினைந்தாம் நூற்றாண்டு. ஆங்கிலத்தில் கிடைக்கும் முதல் தன்வரலாறு என்று பொதுவாகச் சொல்லப்படுவது அவருடையதுதான். எழுதப் படிக்கத் தெரியாததால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 14 பிள்ளைகள் பெற்றவர், மதுவடிக்கும் தொழில் செய்து நொடித்தவர், ஜெருசலேம் வரை யாத்திரை போனவர். முழுக் கையெழுத்துப் பிரதி 1934-ல்தான் ஒரு குடும்பத்தின் வீட்டில் கண்டெடுக்கப்பட்டது. இப்போதைய ஆங்கிலத்தில் மாற்றி எழுதிய பதிப்பை எடுங்கள், மூலம் கடினம்.

தபால்பெட்டி:

வெண்தாழை அம்மா சொன்ன பவலை நானும் வழிமொழிகிறேன். தம்பி, உங்கள் வேகத்துக்கு முதலில் பவல், அடுத்து டார்வின், அப்புறம் டிரோலப். வேரா பிரிட்டனைப் படிக்க நல்ல நீண்ட விடுமுறை ஒன்றை ஒதுக்குங்கள்.

டிரோலப், பழைய நூல்களை இணையத்தில் தரும் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறார். முதல் மூன்று அத்தியாயங்கள்தான் உயிர்: பள்ளி, அம்மா, தபால் அலுவலகம். நடுவில் சக நாவலாசிரியர்களை எடைபோடும் அத்தியாயம் வரும், அவர்களைப் படிக்காதவர்களுக்கு அது சலிப்பு, தாராளமாகத் தாண்டுங்கள். ஆர்ச்சின் கதையில் பிற்பகுதி முழுக்கச் சங்கக் கூட்டங்களும் தேர்தலும். முதல் பாதியைப் படித்தால்கூடப் போதும், ஆனால் அந்த முதல் பாதியைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.