மறு: வாசிகசாலை சோலர் பற்றரிக்குக் காசு சேர்ப்பது

ஊரவர் எல்லோருக்கும் வணக்கம்.

நாலு பற்றரியும் செத்துவிட்டன, ஆளுக்கு நூறு பவுண் அனுப்புங்கள் என்று லண்டன் பக்கத்தால் மடல் வந்திருக்கிறது. மருமகன் போன மாதம் ஊருக்குப் போய் எடுத்துவந்த படங்களைப் பார்த்த பிறகு நான் இப்போதைக்கு ஒரு சதமும் தரமாட்டேன்.

ஒரு படத்தில் பற்றரிக்குள் இருக்கிற ஈயத் தகடுகள் தண்ணீருக்கு மேலே வெளியே தெரிகின்றன. பேனலில் காக்கை எச்சம். இரவில் இன்வேட்டர் கத்தும் வரைக்கும் டிவி ஓடுகிறதாம். இப்படி முழுச் சார்ஜே ஏறாமல் நாள்கணக்காகக் கிடந்தால் தகட்டில் படிகிற சல்பேற்று இறுகிப்போகும், பிறகு வழக்கமான சார்ஜுக்கு அது அசையாது. ஆனால் இதில் கொஞ்சத்தையாவது மீட்கலாம்.

முதலில் தகடு மூடும் அளவுக்கு மட்டும் பற்றரித் தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர், விடுங்கள், மிச்சத்தை முழுச் சார்ஜ் ஏறிய பிறகு. கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், நம்மூர்க் கிணற்று உப்பு உங்களுக்குத் தெரியாததா. அசிட்டும் விடக்கூடாது: அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டர் நல்ல கணக்குக் காட்டும், அவ்வளவுதான், நம் சங்கத்து வரவுசெலவு மாதிரி. அப்புறம் ஒவ்வொரு செல்லாக, அதாவது பற்றரிக்குள் இருக்கிற ஒவ்வொரு அறையாக, அசிட்டின் அடர்த்தி பாருங்கள். எல்லாம் ஒரேயளவில் 1.16, 1.18 என்று இறங்கியிருந்தால், இன்வேட்டரைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பற்றரி ஒன்றுக்கு 15.5 வோல்ட் அளவில் சில மணிநேரம் மெதுவாகச் சார்ஜ் கொடுத்து, மணிக்கொரு தரம் அளந்து, அடர்த்தி மேலே ஏறாமல் நின்றதும் நிறுத்த வேண்டும். தொட்டுப் பார்க்கச் சுட்டால் அப்போதே நிறுத்துங்கள். கிளம்புவது ஹைட்ரஜன், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், சின்னையா சுருட்டோடு உள்ளே போகக்கூடாது. மூடிய வகைப் பற்றரிக்கு இந்த வைத்தியம் ஆகாது, நம்முடையது தண்ணீர் விடுகிற வகை.

முழுச் சார்ஜ் கொடுத்தும் ஒரு பற்றரி 10.5 வோல்ட்டிலேயே நின்றால் அதில் ஒரு செல் ஷோர்ட், அது பழைய ஈயக் கடைக்குத்தான். அதற்குப் பதிலாகப் புதிது ஒன்றை மட்டும் வாங்கிப் பழையதோடு சேர்க்காதீர்கள், பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். நல்லது இரண்டு தேறினால் அவற்றைத் தொடராக இணைத்து வரும் 24 வோல்ட்டில் விளக்குகளையும் பிள்ளைகள் படிக்கிற மேசையையும் நடத்தலாம். டிவி பிறகு.

பக்கத்துத் தீவில் லித்தியம் போட்டுவிட்டார்கள், நமக்கு மானம் போகிறது என்கிறார் பாரிஸ் அண்ணன். தண்ணீர் விட ஆளில்லாத இடத்தில் மானத்தைப் பற்றி என்ன பேச்சு? பராமரிப்பு என்று வாங்கிய காசில் ஒரு ஹைட்ரோமீட்டராவது வாங்கினீர்களா, ரசீது எங்கே?

மேற்குத்தெரு, ரொறன்ரோ

---

அண்ணை,

ரசீது போன வருடமே இந்தக் குழுவுக்கு வந்தது, நீங்கள் திறந்து பார்க்கவில்லை. ஹைட்ரோமீட்டர் வாங்கினோம், திருவிழாவுக்கு ஜெனரேட்டர் பற்றரி பார்க்க என்று உங்கள் தம்பி வீட்டார் கொண்டுபோனது இன்னும் திரும்பவில்லை. அதைக் கேட்டு வாங்கித் தாருங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் பற்றரி ஏற்றி இறக்கியது யார் என்று அப்பாவிடமும் கேளுங்கள்.

மற்றது, மருமகன் படம் எடுக்க மூடியைக் கழற்றினார்தானே. பற்றரித் தண்ணீர்க் கான் அந்த அலுமாரிக்குக் கீழேதான் இருந்தது.