வால்வு ட்யூனர்: வலது பக்கம் மட்டும் கீச்சென்று வருகிறது. அவசரம்!

அல்சூர் கார்த்தி:
வணக்கம். வீட்டில் பழைய வால்வு எஃப்.எம். ட்யூனர் ஒன்று இருக்கிறது (ட்ரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய் வால்வு, ஸ்பீக்கர் இல்லாத ரேடியோ பெட்டி). ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் இடது ஸ்பீக்கர் அருமையாகப் பாடுகிறது. வலதில் கீச்சுக் குரலும் இரைச்சலும்தான். பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சொன்னார்கள் என்று ஒரு வால்வை மாற்றினேன், 1,800 ரூபாய் போனதுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார், அதற்குள் பாட வேண்டும். என்ன கோளாறு?

கண்டென்சர் கண்ணன்:
கண்டென்சர், அதாவது கெபாசிட்டர். வேறு எதுவும் இல்லை. அந்தக் காலத்துக் காகிதக் கண்டென்சர் ஒன்றைக்கூட நம்பக் கூடாது. மொத்தமாக மாற்றிவிட்டு எழுதுங்கள்.

மல்லேஸ்வரம் மாமி:
என்ன கம்பெனி, என்ன மாடல்? எல்லா ஸ்டேஷனிலும் இப்படித்தானா?

மொட்டைமாடி:
ஏரியல் என்ன போட்டிருக்கிறீர்கள்? அதைச் சொல்லாமல் மற்றதைப் பேசிப் பிரயோஜனம் இல்லை. ஒன்றரை மீட்டர் ஒயரை நடுவில் வெட்டி, இரண்டு கையாக விரித்து மாடியில் கட்டுங்கள். பாதி வியாதி போய்விடும்.

வால்வு வாத்தியார்:
தம்பி, "ஒரு வால்வை மாற்றினேன்" என்றால் எந்த வால்வு? டாக்டரிடம் போய் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லிவிட்டு, யாருக்கு என்று சொல்லாமல் வந்த கதையாக இருக்கிறது. வோல்டேஜ் என்ன, எந்த ஊர்ச் சரக்கு, ஒன்றும் இல்லை. வால்வு ட்யூனர் வைத்துக்கொள்ளப் பொறுமை வேண்டும். நாங்கள் 60களில் விவித்பாரதியை எஃப்.எம்.மில் கேட்டபோது வாரம் ஒருமுறை பின்பலகையைத் திறந்து தூசி தட்டுவோம்.

ஜெயநகர் ஜெ:
எதற்கு இந்தப் பாடு? போனில் ஆப் இருக்கிறது, ப்ளூடூத் இருக்கிறது. சும்மா கேட்கிறேன்.

அல்சூர் கார்த்தி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஐகோ கம்பெனியின் எச்.எஃப்.டி.-90. மாமா சிகாகோவில் இருந்தபோது கிட்டாக, உதிரி பாகங்களாக வாங்கி அவரே பற்றவைத்தது. அமெரிக்க 117 வோல்ட் என்பதால் வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்கிறேன். ஏரியல், ஒரு முழம் ஒயர். பின்னால் இரண்டு ஜாக், இரண்டிலும் கேபிள் மாட்டி லெஃப்ட், ரைட் கொடுத்திருக்கிறேன். மாற்றியது முன்னால் இருக்கும் ஈ.சி.சி.85 வால்வு.

மொட்டைமாடி:
ஒரு முழம் ஒயரா! நான் அப்போதே சொன்னேன்.

மல்லேஸ்வரம் மாமி:
அந்த இரண்டு ஜாக் பக்கத்திலும் என்ன எழுதியிருக்கிறது? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

பின்கோடு 560008:
வாத்தியார் சார், 60களில் இந்தியாவில் ஏது எஃப்.எம்.? வானொலியின் முதல் எஃப்.எம். சேவை வந்ததே சென்னையில், 1977 ஜூலை 23. விவித்பாரதி 1957இலேயே தொடங்கியதுதான், ஆனால் நாம் கேட்டது மீடியம் வேவிலும் ஷார்ட் வேவிலும். தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய அந்த மர்ஃபி, புஷ் பெட்டிகளில் எஃப்.எம். பட்டையே கிடையாது.

வால்வு வாத்தியார்:
நான் சொன்னது தரத்தைப் பற்றி. எஃப்.எம். மாதிரி தெளிவாகக் கேட்டது என்ற அர்த்தத்தில். எழுத்தை எழுத்தாகப் பிடித்துக்கொண்டால் பேச முடியாது.

பின்கோடு 560008:
சரி சார். தூசி மட்டும் உண்மை.

கண்டென்சர் கண்ணன்:
மர்ஃபி என்றதும் நினைவு வருகிறது, 560008 சார் மர்ஃபி டவுன்காரரா? அந்தப் பெயர் ரேடியோவால் வந்ததா?

பின்கோடு 560008:
இல்லை. ரேடியோவுக்கும் எங்கள் பேட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லாரும் கேட்கிறார்கள்.

ஜெயநகர் ஜெ:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. எஃப்.எம்.மில் ஒலி 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. ஸ்டேஷன்காரர்களும் சுருக்கிய கம்ப்யூட்டர் ஃபைலைத்தான் ஒலிபரப்புகிறார்கள். அதை வால்வு வழியாகக் கேட்டால் மட்டும் தங்கமாகிவிடுமா?

வால்வு வாத்தியார்:
கேட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அல்சூர் கார்த்தி:
மாமி, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றில் ஆடியோ. இன்னொன்றில் மல்டிப்ளெக்ஸ் என்று இருக்கிறது. அதுதானே ரைட்?

மல்லேஸ்வரம் மாமி:
அதுதான் இல்லை! உங்கள் ட்யூனரில் கோளாறே கிடையாது. அது மோனோ, ஒரே ஒலித்தடம். அதில் லெஃப்டும் இல்லை, ரைட்டும் இல்லை.

அமெரிக்காவில் ஸ்டீரியோ எஃப்.எம். ஒலிபரப்பு 1961 ஜூனில்தான் தொடங்கியது. உங்களுடையது அதற்கு முந்தைய வடிவமைப்பு. எப்படியும் ஸ்டீரியோ வரும், அப்போது தனியாக ஒரு அடாப்டர் விற்கலாம் என்று அந்த ஜாக்கை முன்கூட்டியே வைத்திருந்தார்கள். பிறகு எம்.எக்ஸ்.-99 என்று ஐகோவே ஒன்று விற்றது.

கீச்சுக் குரல் ஏன் என்றால், ஸ்டேஷனில் உச்ச ஸ்தாயியைத் தூக்கித்தான் அனுப்புவார்கள். வாங்கும் பெட்டி அதைத் தணிக்க வேண்டும். இரைச்சலும் கூடவே தணியும். ஆடியோ ஜாக் தணித்த பிறகு எடுப்பது. மல்டிப்ளெக்ஸ் ஜாக் தணிப்பதற்கு முன்னால் எடுப்பது, ஏனென்றால் ஸ்டீரியோவுக்கான 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் என்ற அடையாளச் சிக்னலும், 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி வரும் லெஃப்ட்-ரைட் வித்தியாசச் சமாசாரமும் அடாப்டருக்கு அப்படியே போய்ச் சேர வேண்டும். அதைத்தான் நீங்கள் நேராக ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆடியோ ஜாக்கில் ஒரு ஒய்-கேபிள் மாட்டி இரண்டு பக்கமும் கொடுங்கள். பழைய ஈ.சி.சி.85ஐத் தூக்கிப் போடாதீர்கள், அது நல்ல வால்வாகத்தான் இருக்கும்.

கண்டென்சர் கண்ணன்:
இருந்தாலும் கண்டென்சர்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மல்லேஸ்வரம் மாமி:
அது சரிதான், மறுக்கவில்லை. பவர் சப்ளையில் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் பழசாக இருந்தால், கரண்ட் எல்லை மீறாமல் இருக்க லைனில் ஒரு சீரிஸ் பல்பு போட்டு ஆன் செய்யுங்கள். ஆஃப் செய்த பிறகும் உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், கை வைக்காதீர்கள். அமெரிக்காவின் 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) கரண்டுக்குச் செய்த ட்ரான்ஸ்ஃபார்மர் நம் 50இல் கொஞ்சம் கூடுதலாகச் சுடும், காற்றோட்டம் விடுங்கள்.

ஜெ தம்பிக்கும் ஒன்று. நீங்கள் சொன்னது பெரும்பாலும் உண்மை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அமெரிக்கத் தணிப்பு 75 மைக்ரோசெகண்ட், நம் ஊரில் 50. அதனால் இங்கே அந்தப் பெட்டி உச்சத்தைத் தேவைக்கு மேல் அமுக்கிவிடும். "வால்வு இதம்" என்று எல்லாரும் உருகுவதில் பாதி இந்தக் கணக்குப் பிசகுதான். ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் சரியாகும். ஆனாலும் என் வீட்டுப் பெட்டியில் நான் மாற்றவில்லை. பாட்டுக்காக இல்லை. இரவு பத்து மணிக்கு எஃப்.எம். 101.3இல் அறிவிப்பாளர் பேசும்போது, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. போனில் எனக்கு அது வரவில்லை.

வால்வு வாத்தியார்:
நான் முதலிலேயே கேட்டேன், ட்யூனர் ஸ்டீரியோவா என்று.

பின்கோடு 560008:
மேலே போய்ப் படித்தேன். கேட்கவில்லை சார்.

ஜெயநகர் ஜெ:
மாமி, ஸ்டீரியோவே வேண்டும் என்றால்?

மல்லேஸ்வரம் மாமி:
எம்.சி.1310 என்று, லெஃப்ட்டையும் ரைட்டையும் பிரிக்கும் பழைய ஐ.சி. ஒன்று உண்டு. அந்த மல்டிப்ளெக்ஸ் ஜாக்கிலிருந்து ஊட்டலாம். ஆனால் சிக்னல் மெலிந்த இடத்தில் ஸ்டீரியோவில் இரைச்சல் கூடும், மோனோ அமைதியாக இருக்கும். ஒரு முழம் ஒயருக்கு மோனோவே போதும்.

அல்சூர் கார்த்தி:
ஒய்-கேபிள் 60 ரூபாய். இரண்டு பக்கமும் பாடுகிறது. ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததைக் காட்ட, முள்ளோடு சேர்ந்து நகரும் அந்தப் பச்சை ஆச்சரியக்குறி வெளிச்சத்தை அப்பா பாட்டைவிட அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விவித்பாரதி 102.9ஐ விட்டு எழவே இல்லை. மாமிக்கு நன்றி. அரை மணி நேரத்தில் ஸ்டேஷன் லேசாக நகர்கிறது, அது பரவாயில்லையா?

மல்லேஸ்வரம் மாமி:
சூடேறும் வரை நகரும். இருபது நிமிஷம் முன்னாலேயே போட்டுவிட்டு அப்புறம் ட்யூன் செய்யுங்கள். அதற்குப் பிறகும் நகர்ந்தால் சொல்லுங்கள்.

கண்டென்சர் கண்ணன்:
நகர்ந்தால் கண்டென்சர்.

மொட்டைமாடி:
கார்த்தி, ஏரியல் கட்டினீர்களா?

மொட்டைமாடி:
கார்த்தி?