சேர்வராயனைக் கும்பிட்ட அம்மாயிக்கு மோட்சம் உண்டா?

மலைக்காப்பி:
போன மாதம் ஏற்காட்டில் என் அம்மாயி தவறிவிட்டார். காப்பித் தோட்டத்தில் நாற்பது வருஷ வேலை. மே மாதம் வந்தால் மலைத்தெய்வம் சேர்வராயன் கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். அம்மா மட்டும் கல்யாணத்துக்கப்புறம் ஞானஸ்நானம் வாங்கியவர். துக்கம் கேட்க வந்த ஒரு சபை ஊழியர், "இயேசுவை ஏற்றுக்கொள்ளாமலே போய்விட்டார்களே, இனி ஜெபித்துப் பிரயோஜனமில்லை" என்று அம்மாவிடமே சொல்லிவிட்டு, காப்பியையும் குடித்துவிட்டுப் போனார். எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படுவது தேவ சித்தம் என்கிறது 1 தீமோத்தேயு 2:4. தேவ சித்தம் தோற்குமா?

அஸ்தம்பட்டி ஆள்:
தம்பி, அவர் சொன்ன நேரம் தப்பு. சொன்னது தப்பில்லை. மத்தேயு 25:46இல் நித்திய ஆக்கினை, நித்திய ஜீவன் இரண்டுக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான், அயோனியோஸ். ஆக்கினை ஒரு நாள் முடியும் என்றால் ஜீவனும் முடியுமா? திருச்சபைத் தந்தை அகஸ்டின் 5ஆம் நூற்றாண்டிலேயே கேட்ட கேள்வி இது. எல்லாம் கடைசியில் பழையபடி சீராகும் என்ற ஆதித் திருச்சபை அறிஞர் ஓரிகனின் போதனையை ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் 543இல் கண்டித்தும் விட்டார்.

மலைக்காப்பி:
பேரரசர் ஆணை எனக்கு வேதம் இல்லை அண்ணா. 4ஆம் நூற்றாண்டு பிஷப் நிசாவின் கிரகோரியும் ஓரிகனைப் போலத்தான் நம்பினார், அவரைப் புனிதர் என்கிறார்களே! அப்புறம், அந்த வசனத்தில் ஆக்கினைக்கு உள்ள சொல் கொலாசிஸ். செடியை வெட்டி ஒழுங்கு பண்ணுவது என்ற பொருளும் அதன் வேரில் உண்டு. எங்கள் பாஷையில் கவாத்து. பழிவாங்குவது வேறு, கொலாசிஸ் வேறு, பின்னது தண்டனை பெறுகிறவனுக்காகவே என்று அரிஸ்டாட்டில் பிரித்திருக்கிறார். செடியைக் கொல்லவா கவாத்து பண்ணுகிறோம்?

அஸ்தம்பட்டி ஆள்:
வேரைத் தோண்டிப் பொருள் எடுத்தால் 'நாற்றம்' இன்றைக்கும் நறுமணம்தான்! இயேசு காலத்துக் கிரேக்கத்தில் கொலாசிஸ் வெறும் தண்டனையாகவும் வழங்கியது. சரி, தோட்டத்துக்கே வருகிறேன். தண்டுத் துளைப்பான் பூச்சி விழுந்த செடியைக் கவாத்தா பண்ணுவீர்கள்? பிடுங்கி எரிப்பீர்கள். யோவான் 15:6 படியுங்கள்.

மலைக்காப்பி:
எரிப்போம்தான். ஆனால் துளைப்பானைப் படைத்ததும் செடியைப் படைத்ததும் நாங்கள் இல்லையே.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:
நான் கத்தோலிக்கம், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்புப் பெறலாம் என்று எங்கள் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் சொன்னது. எல்லாரும் பெற்றே தீருவார்கள் என்று அது சொல்லவில்லை. ஆனால் ஜெபமாலையில் பத்துப் பத்து மணி உருட்டி முடித்ததும் பாத்திமா ஜெபம் சொல்கிறோம். நரக நெருப்பிலிருந்து எங்களைக் காப்பாற்றும் என்று கேட்ட அதே மூச்சில், எல்லாரையும் விண்ணகம் சேரும் என்றும் கேட்கிறோம். நரகமே இல்லை என்றால் முதல் வரி எதற்கு? எல்லாருக்கும் ஆசைப்படக் கூடாது என்றால் அடுத்த வரி எதற்கு?

அஸ்தம்பட்டி ஆள்:
ஆசைப்படலாம் அக்கா, உறுதி சொல்ல முடியாது. அதுவும் அறியாதவர்களுக்குத்தானே உங்கள் சங்கம் வழி விட்டது? மகளே வீட்டில் இருந்து இத்தனை வருஷம் சொல்லியும் கேட்காதவர் எப்படி அறியாதவர் ஆவார்?

மலைக்காப்பி:
கேட்காமல் இல்லை அண்ணா. கிறிஸ்துமஸுக்கு மெழுகுவர்த்தி வாங்கி வருவதே அம்மாயிதான். சேர்வராயனை விடச் சொன்னால் மட்டும், "மலையை விட்டுட்டு எங்கே போறது" என்பார்.